அத்தானின் நைலான் சக்கரம்

மாதா கோவில் திருநாளுக்குப் பாய்ப்படகுப் போட்டி. படகு அக்கா புருஷனுடையது. பாய்க்கயிறு மட்டும் சில வருஷமாக என் கையில். அத்தானும் நானும் பேசிக்கொள்வதெல்லாம் ஏச்சுதான்.

போட்டிக்கு முன்னால், பாய் ஏற்றும் கப்பியின் மரச்சக்கரம் பிளந்துவிட்டது. பிளாஸ்டிக்கில் கடைந்து வாங்க மாப்பிள்ளையூரணி லேத் பட்டறைக்குப் போனோம். அங்கே வெள்ளை நைலானும் இருந்தது, அசிட்டல் என்ற கறுப்புக் கட்டையும் இருந்தது.

“கறுப்பு வாங்குங்க அத்தான். நைலான் தண்ணி குடிச்சு உப்பும்னு போன்ல போட்டிருக்கு.”

“ஏலே, நம்ம வலையே நைலான்தான. எந்த வலை உப்பிச்சுலே? ஒன் போனு கடலுக்குப் போயிருக்கா?”

“போகல. ஆனா ஒங்களவிட ரெண்டு வகுப்பு கூடப் படிச்சிருக்கு.”

பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். அத்தான் முகம் கறுத்தது.

“வெள்ளையே கடைங்க அண்ணாச்சி. இறுக்கமா, ஆட்டமே இருக்கப்படாது. இது சிக்குச்சுன்னா இவன் கண்ணு வச்சதுதான். பொறவு கயித்த இவன் தொடப்படாது.”

அத்தான் டீ குடிக்கப் போனதும், கறுப்பில் ஒன்று கொஞ்சம் தளர்வாகக் கடைந்து வாங்கிக்கொண்டேன்.

மரக்கப்பியைக் கடல்தண்ணீரில் ஊறப்போட்டால் வெயிலில் வெடிக்காது. அந்தப் பழக்கத்தில் அத்தான் நைலானையும் கப்பியோடு வாளியில் போட்டு ஒரு வாரம் ஊறவைத்தார்.

“புளியும் கரைச்சு ஊத்துங்க அத்தான், குழம்பாவது ஆகும்,” என்றேன். செருப்பு பறந்து வந்தது.

போட்டிக்கு முந்தின நாள் வெள்ளோட்டம் விட்டோம். பாய் பாதி ஏறி நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. காற்று அள்ளியதில் படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. அத்தான் கத்தியால் கயிற்றை அறுத்தார். பாய் அவர் தலையிலேயே விழுந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“சனியனே, கரைக்குப் போனதும் எறங்கிரு. நாளைக்கு நீ கெடையாது.”

பையிலிருந்து கறுப்புச் சக்கரத்தை எடுத்தேன்.

“எறங்குதேன். இதுவும் என்கூட எறங்கும்.”

பிடுங்க வந்தார். கையைக் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டேன்.

“குடுலே.”

“கயிறு யாருக்கு?”

கடலில் காறித் துப்பினார். “ஒனக்குத்தான். எங்கிட்ட பேசப்படாது.”

“போட்டி முடியிற வரைக்குமா, சாவுற வரைக்குமா?”

அத்தான் படகைக் கரைக்குத் திருப்பினார். கரையில் பாய்மரத்தைச் சாய்த்து, உப்பிய நைலானைச் சுத்தியலால் அடித்து வெளியே எடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தார்.