நான் எழுதிய மழை

பெய்யாத மழையைப் பெய்ததாக எழுதினேன். பிறகு அந்தப் பொய்யை அழித்தேன். அழித்ததுதான் பெரிய பாவம்... கேளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு காய்கறிப் பண்ணையில் வேலை செய்தேன். காலையில் மழைமானியைப் பார்த்து, அளவைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அது வானிலை அறிவிப்பையும் பயிரின் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டு, எவ்வளவு தண்ணீர் பாய்ச்சுவது என்று தாளில் அச்சடித்துத் தரும். குழாயைத் திறப்பவர் ஆரோக்கியம் அண்ணன். மனைவியோடு பண்ணையிலேயே குடியிருந்தார். ஆங்கிலம் தெரியாது. தாளை நான்தான் வாசித்துச் சொல்வேன்.

ஒரு ஞாயிறு, பண்ணையிலிருந்து வெகுதூரத்திலுள்ள சிராங்கூன் சாலையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தொப்பலாக நனைந்து வீடு சேர்ந்தேன். இந்த ஊரில் ஒரு தெரு நனையும், அடுத்த தெரு காயும்... எனக்குத் தெரியாதா? ஆனாலும் திங்களன்று, பண்ணைக் கோடியிலிருந்த மழைமானிவரை நடக்கச் சோம்பல்பட்டுக் கனமழை என்று பதிந்தேன்! அறிவிப்பும் மேலும் மழை வரும் என்றது. மூன்று நாளைக்குத் தண்ணீர் வேண்டாம் என்றது கம்ப்யூட்டர்.

மறுநாளே ஆரோக்கியம் அண்ணன் வந்து, மண் காய்கிறது, திறக்கட்டுமா என்று கேட்டார். கம்ப்யூட்டரைவிட உங்களுக்குத் தெரியுமா என்று எரிந்து விழுந்தேன். அப்போதாவது எழுந்து போய்ப் பார்த்தேனா? இல்லை.

வியாழன் காலை... ஐயோ! சாய் சிம் கீரை நாற்றுகள் அத்தனையும் கருகிக் கிடந்தன. மழைமானிக்கு ஓடினேன். உள்ளே தூசிதான் இருந்தது.

முதலாளி வருவதற்குள் திங்களன்று பதிந்த மழையைப் பூஜ்யமாக்கிக் கம்ப்யூட்டரை மீண்டும் ஓட்டினேன். தினம் இருமுறை பாய்ச்சவும் என்று திங்கள் தேதியிட்ட புதுத் தாள் வந்தது. பழையதைக் கிழித்துவிட்டு, இதை ஆணியில் மாட்டினேன். என் கைதான் அதைச் செய்தது!

முதலாளி தாளைப் படித்தார். தினம் இருமுறை என்று இதில் இருக்கிறதே, ஏன் திறக்கவில்லை என்று ஆரோக்கியம் அண்ணனைக் கேட்டார். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

“தம்பி படிச்சவரு, சரியாத்தான் சொல்லியிருப்பாரு. எனக்குத்தான் வெளங்கல போல லா” என்றார் அவர்.

நான் கத்தியது அவருக்கு மறந்துவிட்டதா? இல்லை, தாளில் இருப்பதால் தன் காதையே நம்பவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு வேலை போயிற்று. வீடும் போயிற்று. சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மனைவியை வாசலில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

“என்னால உங்களுக்கும் கெட்ட பேரு தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க.”

பரவாயில்லண்ணே என்றேன். கேட்டீர்களா... நான் அவரை மன்னித்தேன்!