சோளத்தட்டைப் பாதை

நந்தகோபால் என்ற பெயரைச் சொர்ணத்தாய் முதன்முதலாகக் கேட்டது விளாத்திகுளம் பஸ்ஸில். ஜன்னலோரம் இருந்தவள் மதினி அழகுத்தாய். சொர்ணத்தாயின் செத்துப்போன வீட்டுக்காரருக்கு மூத்த அக்காள். அவள்தான் வெளியே கைகாட்டினாள். கரிசல் மேல் மேகம் ஒன்று இறங்கிப் படுத்திருந்ததுபோல ஓர் ஆட்டுக்கூட்டம்.

"அது நந்தகோபால் கிடை. அவிய ஆடு படுத்து எந்திரிச்ச காட்டுல மிளகா தீப்பிடிச்ச மாதிரி நிக்கும்ட்டி."

சொர்ணத்தாய் காட்டிலோ ரெண்டு வருசமாக மிளகாய் சோம்பி நின்றது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் மகன் முத்துசெல்வம், போன் எடுத்தால் ஒரே பேச்சு.

"காட்ட சோலார்காரங்களுக்கு விட்டுருவோம்மா."

"இந்த ஒரு வெள்ளாமை பாத்துட்டுச் சொல்லுதேன்யா" என்று அவள் தவணை வாங்கியிருந்தாள். இதிலும் விளையாவிட்டால் காடு கைவிட்டுப் போகும்.

அவள் ஆள் விட்டுக் கூப்பிட, ஆவணியில் நந்தகோபால் கிடையோடு வந்து சேர்ந்தார். கயத்தாறுப் பக்கம் ஏதோ ஒரு காட்டில், கிடையோரத்தில் பிறந்த மனுசர். எந்த ஊர் என்று கேட்டால், அன்றைக்கு ஆடு படுத்திருக்கும் இடத்தைக் காட்டுவார். பொழுதடைய வலை கட்டி ஆடுகளை அடைப்பார். மறுநாள் வலையை அடுத்த துண்டுக்கு நகர்த்துவார். ஆடுகள் அசைபோடும் சத்தம் கேட்டால், காடே தூக்கத்தில் எதையோ மெல்லுவதுபோல இருக்கும். புழுக்கை விழுந்த இடமெல்லாம் மண்ணுக்கு உரம். கிடைக்காரருக்குச் சோறு சொர்ணத்தாய் வீட்டில்.

கீழமூலை மட்டும் பாக்கி இருந்த அன்று வடகிழக்கே கருத்தது.

"மழைக்குணம் தெரியுது தாயி. சரளை மேட்டுக்கு ஏத்திருதேன். நனைஞ்ச கரிசல்ல ஆடு கால் புதைஞ்சா பேத்து எடுக்க முடியாது."

"அந்த மூலை ஒண்ணுதான அண்ணாச்சி..." என்று அவள் கருவாட்டுக் குழம்பை முன்னால் வைத்தாள்.

அவர் வானத்தைப் பார்த்தார், குழம்பைப் பார்த்தார், வலையைக் கீழமூலையில் கட்டினார்.

விடியும்போது மழை கொட்டியது. மண் பசையாகிவிட்டது. ஆடுகள் காலுக்கு ஒரு மண்கட்டி மாட்டிக்கொண்டு, கனவில் ஓட முடியாதவைபோல அப்படியே நின்றன. குட்டிகள் வயிறு வரைக்கும் புதைந்துவிட்டன. சொர்ணத்தாய் அவற்றை மடியில் அள்ளி அள்ளி மேட்டில் விட்டாள். பெரிய ஆடுகளை என்ன செய்வது?

ஓடிப்போய்ப் படப்பைப் பிரித்தாள். அவள் பசுவுக்கென்று அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டை. கட்டுக்கட்டாக இழுத்து வந்து, வலையிலிருந்து மேடு வரை பாதைபோல விரித்தாள். ஆடுகள் தட்டைமேல் ஏறின. ஏறியவை நின்று பாதையைத் தின்னத் தொடங்கின.

"திங்கதுக்கா போட்டேன், மூதிகளா! நடங்கட்டி!"

அந்த மழையிலும் நந்தகோபாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விருந்த வச்சுட்டு எந்திரின்னா எப்பிடி எந்திரிக்கும் தாயி?"

அவர் ஒரு தட்டையை ஆட்டிக்கொண்டு முன்னே நடந்தார். முன்னத்தி ஆடு அதன் பின்னே போனது. மற்றவை அதன் பின்னே. வெயில் வந்தபோது எல்லாம் மேட்டில் நின்றன. பாதையில் பாதி ஆட்டு வயிற்றில், பாதி சேற்றில். படப்பு இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது.

"எம்பேராசை அண்ணாச்சி" என்றாள்.

"குழம்பு மேல எனக்கும் ஆசைதான். ஒன் பசுவ எங்கிட்ட விடு. ஆட்டோட ஆடா மேயட்டும்."

மாசியில் காடு சிவந்து கிடந்தது. கீழமூலையில் செடிக்குச் செடி இடமில்லாமல் மிளகாய்ப் பழம். முத்துசெல்வம் போன் பண்ணினான். "பழம் எடுத்துட்டு இருக்கேன்யா, பொறவு பேசு" என்று வைத்துவிட்டாள். சோலார் பேச்சு அதோடு நின்றது.

பசு ஆடுகளை விட்டு வர மாட்டேன் என்றது. அதைச் சாக்காக வைத்து நந்தகோபாலும் மேட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டார். இப்போது அவர் அங்கேதான் இருக்கிறார்.