ஆதி தாளத்தில் ஒரு சரவெடி

ஒரு படம் முடிந்து அடுத்த படம் கிடைப்பதற்குள் எனக்குக் குறைந்தது இரண்டு வருடம் ஆகும். அந்த இடைவெளியில் மற்ற இயக்குநர்கள் கதை எழுதினார்கள். நான் ஓவியம் வரைந்தேன், மிருதங்கம் வாசித்தேன். இரண்டையும் யாரிடமும் முறையாகக் கற்கவில்லை. சினிமாவையும் அப்படித்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்படி ஓர் இடைவெளியில், மல்லாங்கிணற்றில் அக்கா வீட்டுக்கு வந்து தங்கினேன். விருதுநகரில் என் படத்தை மூன்றாம் நாளே தூக்கியிருந்ததால் ஊரில் தலைகாட்டக் கொஞ்சம் கூச்சம். நான் மிருதங்கத்தைத் தொட்டால் பசு பால் கறக்க விடுவதில்லை என்றாள் அக்கா. நான் வரைந்த ஓவியத்தை மச்சான் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம கண்மாய்தானே? தண்ணி வத்தினப்ப வரைஞ்சியோ?" என்றார். அது அக்காவின் முகம்.

அந்த ஆவணியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் மாப்பிள்ளை அழைப்புக்கு வெடி என் பொறுப்பு.

"வெடிய வாங்கிக் குடுத்துட்டுச் சும்மா நிக்கணும். வேற ஒண்ணும் பண்ணப்படாது" என்றார் மச்சான்.

சும்மா நிற்பது எனக்கு வராத கலைகளில் ஒன்று. சரவெடி ஏன் எப்போதும் படபடவென்று ஒரே மாதிரி வெடிக்க வேண்டும், ஆதி தாளத்தில் வெடித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து நீளமான காகிதச் சுருளில் தாளத்தை வண்ணத்தால் தீட்டினேன். பெரிய வெடிக்குச் சிவப்புப் புள்ளி, சீனி வெடிக்கு மஞ்சள். நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு ஒன்றுமே தீட்டவில்லை.

சுருளோடு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன வெடிக் கம்பெனிக்குப் போனேன். வாசலிலேயே என் பீடிக்கட்டு, தீப்பெட்டி, செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே கொட்டகையில் பெண்கள் வெடித் திரிகளை நூலோடு சேர்த்துப் பின்னிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும் ஒருத்தி, கையைப் பார்க்காமலே பின்னினாள். மேஸ்திரி, சினிமாப் படம் எடுப்பவர் என்று சொல்லி என்னை அவளிடம் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொண்டார்.

"என்னங்கய்யா இது, சேலைக்கு டிசைனா?" என்றாள் சுருளைப் பார்த்து.

"வெடிக்கிற தாளம், தாயி. செவப்பு பெரிய வெடி, மஞ்சள் சீனி வெடி."

புள்ளிகள்மீது விரலை ஓட்டி, "டம் ட ட ட, டம் ட, டம் ட" என்று வாயாலேயே வெடித்துக் காட்டினாள். நான் மிருதங்கத்தில் ஒருநாளும் அப்படிச் சுத்தமாக வாசித்ததில்லை. வெற்றிடத்தில் விரல் நின்றது.

"இங்கன என்ன, சாயம் தீந்துபோச்சா?"

"அங்க மௌனம். எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க."

"வெறுந்திரி விட்டா காத்துல அணைஞ்சிரும்யா."

"அணையாது. அதுதான் கலை."

பக்கத்தில் இருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "ஐயா படத்துலயும் நடுவுல ஒண்ணும் இருக்காதுக்கா. நான் பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்."

கொட்டகையே குலுங்கியது. நானும் சிரித்தேன், வேறு வழி?

"பின்னித் தாரேன்" என்றாள் பின்னல்காரி. "ஆனா ஒண்ணு கேக்குறேன். பத்துப் பன்னெண்டு வருசமாப் பின்னுறேன். எல்லாம் லோடு ஏறி வடக்க போயிருது. நான் பின்னுன சரம் வெடிச்சு ஒருநாளும் பாத்ததில்ல. கல்யாணத்துக்கு வரலாமா?"

முதல் வரிசையில் வந்து நிற்கச் சொன்னேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம், ஊர்வலம் கோவிலை விட்டுக் கிளம்பிய பிறகு, மச்சான் என்னை ஓரமாக இழுத்தார்.

"மாப்பிள்ளையோட பெரியப்பா சகுனம் பாக்குறவரு. ஒரு வீட்டுல சரம் நடுவுல நின்னுபோச்சுன்னு சாப்பிடாமப் போன மனுசன். இங்கயும் நின்னுச்சுன்னு வையி, நம்ம புள்ள அந்த வீட்டுல ஆயுசுக்கும் பேச்சு கேக்கணும். பாத்துக்க."

சரம் நிற்பதற்கு இடம் ஒதுக்கி, அளவெடுத்து, கலை என்று பெயரும் வைத்துவிட்டு வந்தவன் நான். வேறு சரம் வாங்க நேரமில்லை. பந்தலுக்குப் பின்னால் இருட்டில், சுருட்டிக் கட்டியிருந்த சரத்தில் வெறுந்திரி இடத்தை விரலால் தேடிப் பின்னலைப் பிரிக்கப் பார்த்தேன். என் நகத்துக்கு அது அசையவில்லை. நாதஸ்வரம் தெருமுனைக்கு வந்துவிட்டது.

பற்றவைத்தார்கள். முதல் பெரிய வெடி, பிறகு மூன்று சின்னது. தொடையில் தட்டி எண்ணினேன். இரண்டாம் சுற்றிலேயே தவில்காரர் திரும்பிப் பார்த்தார், மூன்றாவதில் சேர்ந்துகொண்டார். வேறு நாளாக இருந்தால் ஆனந்தத்தில் அழுதிருப்பேன். அன்று, நான் படங்களில் கிண்டல் செய்த சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

சரம் நிற்கவில்லை. சூடான எண்ணெயில் கடுகு பொரிவதுபோல, இருப்பதிலேயே பொடியான வெடிகள் நெருக்கமாக, மெதுவாகப் பொரிந்துகொண்டே போயின. தவிலும் அதற்கேற்பத் தணிந்து ஒலித்தது. பிறகு மூன்று பெரிய வெடி. தவில்காரர் ஓங்கி ஓர் அடி அடித்து முடித்தார்.

கண்ணைத் திறந்தேன். கூட்டம் அப்போதுதான் காதிலிருந்து கையை எடுத்தது. முதல் வரிசையில் பின்னல்காரி மட்டும் காதைப் பொத்தவே இல்லை போல. வாய் லேசாகத் திறந்திருக்க, புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெறுந்திரியா விட மனசு வரலய்யா" என்றாள் என்னைக் கண்டதும். "கலை போச்சுன்னு கோவிச்சுக்கிடாதீக."

பதில் சொல்வதற்குள் பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"யாரு போட்ட சரம்?"

மச்சானின் விரல் உடனே என்னைக் காட்டியது.

"இத இன்னொருக்கா போடச் சொல்லுங்க."

என் வேலை எதையும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. தரையில் காகிதத் தூள்தான் கிடந்தது. நான் பின்னல்காரியைக் காட்டினேன்.

அவள் தயங்கவில்லை. "இப்ப சீசன் ஆர்டர் கெடக்குங்கய்யா. உங்க வீட்டுல பேரன் பொறக்கட்டும், இத விட நீளமாப் பின்னித் தாரேன்."

பெரியப்பா சத்தமாகச் சிரித்து, முதல் பந்தியில் தனக்கு இலை போடச் சொன்னார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மச்சான் என் தோளில் கை போட்டு, சரத்தைத் தானே பின்னியதுபோல ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.