முதலில் விழுந்த மம்பட்டி

பெருங்களத்தூரில் கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் ஒரு முறை உண்டு. காலையில் மேஸ்திரியின் டெம்போ வேகம் குறைக்கும்போதே, சாலையோரம் நிற்பவர்கள் தங்கள் மம்பட்டியை அதற்குள் வீச வேண்டும். யாருடையது முதலில் உள்ளே விழுகிறதோ அவனுக்கு அன்று வேலை. இது தெரியாமல் சின்னப்பன் முதல் நாள் வெறுங்கையோடு தாவி ஏறினான். அங்கே கூலிக்கு நின்ற ரத்தினம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தார்ச்சாலையில் தள்ளி, முகத்தில் மிதித்தான்.

"உள்ள போய் குந்திக்கினா வேலை குடுத்துடுவாங்களா? கம்பெனி பஸ்சுன்னு நெனச்சியாடா?"

முன்பல் ஒன்று போயிற்று. ரத்தினம் சொன்னதும் பொய்யில்லை. சின்னப்பன் கம்பெனி பஸ்சில் போய் வந்தவன்தான். மறைமலைநகர் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் லேத் ஓட்டினான். 2008 கடைசியில், வெளிநாட்டில் கார் விற்கவில்லை, ஆர்டர் இல்லை என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். கேட்டில் நின்று கேட்டவர்களைக் காவலாட்கள் இரும்புக் குழாயால் அடித்தார்கள். அதிலிருந்து அவனுக்கு இடது தோள் சரியாக உயராது. சில மாதங்களில் ஆர்டர் திரும்பி வந்தது. ஆட்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. மூன்று பேர் வேலையைப் பார்க்கும் கம்ப்யூட்டர் லேத்தும், பாதிச் சம்பளத்துக்கு வரும் ஒப்பந்தப் பையன்களும் போதும் என்றார்கள்.

உயராத தோளோடு வீசிய மம்பட்டி பாதி நாள் சாலையிலேயே விழுந்தது. அந்த நாட்களில் சின்னப்பன் வீட்டுக்கு வந்து மனைவி ஜான்சியை அடித்தான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரசாங்கக் கணக்கெடுப்புக்கு ஸ்ரீநிவாசராகவன் என்றொருவர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

"போன ஏழு நாள்ல ஏதாவது வேலை செஞ்சீங்களா சார்?"

"புதன்கெழம செங்கல் தூக்கினேன். மழ வந்துச்சு, ஒரு மணி நேரத்துல போடான்னு அனுப்பிட்டானுங்க. மத்தபடி ஒண்ணுமில்ல."

"அப்ப இந்த வாரக் கணக்குல நீங்க வேலையில இருக்கறவர்."

"இன்னா?"

"வாரத்துல ஏதோ ஒரு நாள், ஒரு மணி நேரம் செஞ்சாலே போதும் சார். அதுகூட இல்லாம, வேலையும் தேடிட்டிருந்தாத்தான் வேலையில்லாதவர். தேடறதையே விட்டுட்டா அந்தக் கணக்குலயே வர மாட்டீங்க. வருஷத்துக்கு ஒரு கணக்கு, ஒவ்வொரு நாளுக்கும் ஒண்ணுன்னு தனியாவும் எடுக்கறோம்..."

அவரை முடிக்க விடவில்லை. சின்னப்பன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி அவர் தலையைச் சுவரில் மோதினான். "எங்க கீது அந்த வேலை? காட்டுய்யா! வா, வந்து காட்டு!" அவர் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. ஜான்சி அவன் கையைக் கடித்துத்தான் விலக்க முடிந்தது.

ஸ்ரீநிவாசராகவன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கே இது இந்த ஒரு வருஷத்துக்குத்தான் சார். சர்வே முடிஞ்சா நானும் வெளியதான்." உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜான்சி அன்றைக்கே துணிகளைப் பையில் திணித்து வாசலருகே வைத்தாள். "நாளைக்கும் வேலை இல்லேன்னு வந்து நின்னே, புள்ளையத் தூக்கிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். செத்தாலும் திரும்ப மாட்டேன்."

மறுநாள் ஒரே ஒரு டெம்போ வந்தது. ஒரே ஆள்தான் வேண்டும் என்று மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே ஒற்றை விரலைக் காட்டினார். சின்னப்பன் இரண்டு கையாலும் மம்பட்டியைத் தூக்கினான். தோளுக்குள் ஏதோ பிய்ந்தது. விடாமல் வீசினான். அது உள்ளே தகரத்தில் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ரத்தினத்துடையது பின்பலகையில் பட்டுத் தெறித்துச் சாலையில் விழுந்தது.

"சின்னப்பண்ணனோடதுதான் மொதல்ல!" என்று கத்தினான் லாசரஸ், அங்கே கூட நிற்பவன்.

"எனக்கும் எட்டு நாளா ஒண்ணுமில்லடா!" கீழே கிடந்த மம்பட்டியை எடுத்த ரத்தினம், ஒரு காலை டெம்போவில் வைத்திருந்த சின்னப்பனின் பிடரியில் ஓங்கி வெட்டினான். சின்னப்பன் விழவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு காலையும் தூக்கப் பார்த்தான். இரண்டாவது வெட்டில்தான் கை விட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் ரத்தினம் ரயில் பாதைப் பக்கம் ஓடினான்.

நாலு பேர் சின்னப்பனை ஆட்டோவில் ஏற்றினார்கள். குரோம்பேட்டை தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

"எவனாவது ஏறுங்கடா, காங்கிரீட் இறுகிடும்!" என்று மேஸ்திரி அதட்டினார். லாசரஸ் ஆட்டோ போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஏறினான்.

சாயங்காலம் அவன் சின்னப்பன் வீட்டுக்கு வந்தான். அன்று முழுக்கத் தான் வேலை செய்த சின்னப்பனின் மம்பட்டியைத் தெருக்குழாயில் சிமென்ட் போகக் கழுவி, வாசலில் இருந்த துணிப்பைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஜான்சி மட்டும் அழாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணனோடதுதான் மொதல்ல வுழுந்துச்சுக்கா," என்றான் லாசரஸ். "இன்னிக்கு வேலை அண்ணனோடதுதான்."