ஏழாம் மாடி ஷவர்கள்

கேட்டிருக்கக் கூடாத கேள்வி

சவரிக்குக் காய்ச்சல் என்று அவன் மனைவி லான் என் ஆபீசுக்கு வந்து சொன்னபோது, நான் முதலில் கேட்டது, "இருமல் இருக்கா?" என்றுதான். எப்போதிலிருந்து என்று கேட்டிருக்க வேண்டும். டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். நான் இருமலைக் கேட்டேன்.

லான் வியட்நாமியப் பெண். அவளோடு நான் பேசியதெல்லாம் அவள் மொழியில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இருக்கு. சளியே வரல, வறட்டு இருமல். வயித்தாலயும் போகுது. நேத்து என்னையப் பாத்து அம்மான்னு கூப்பிடுறாரு. அவங்கம்மா போய் எத்தனை வருஷமாச்சு! இன்னைக்கு ஆஸ்பத்திரில சேத்துட்டேன். ஆமா, இருமல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பனிக்காலம், அதான்" என்றேன்.

சைகோனில் ஏது பனிக்காலம்? அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

நான் அப்போது டிஸ்ட்ரிக்ட் 1-ல் ஒரு ஹோட்டலில் சீஃப் இன்ஜினியர். காரைக்கால்காரன். சென்னையில் மெக்கானிக்கல் படித்துவிட்டுச் சில வருடம் கப்பலில் இருந்தேன். வியட்நாம் வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறந்த பிறகு சைகோனுக்கு வந்தேன். சவரி என் டிபார்ட்மெண்டில் பிளம்பர். அவன் அப்பாவும் காரைக்கால்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக வந்து, உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர். எழுபத்தைந்தில் நகரம் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியபோது மற்றத் தமிழர்கள் மூட்டை கட்டினார்கள், அவர் போகவில்லை. அவர் பேசிய காரைக்கால் தமிழ் அப்படியே மகன் வாயில் இருந்தது. வேலையிடத்தில் நான் தமிழ் பேச இருந்த ஒரே ஆள் அவன்தான் என்று சொல்லலாம்.

மூடிக் கிடந்த மாடி

ஆசியா முழுவதும் கரன்சிகள் சரிந்த சமயம் அது. கெஸ்ட் வரத்து குறைந்து ஹோட்டல் காலியாகக் கிடந்தது. எங்கள் ஜெனரல் மேனேஜர் ராமநாதன், சிங்கப்பூர்த் தமிழர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏழாம் மாடிய மூடிடுங்க. ஏசி மிச்சம், ஆளு மிச்சம். அப்புறம் அந்த ஹாட் வாட்டர், எதுக்கு அறுபது டிகிரி? கோழியா உரிக்கப் போறோம்? நாப்பத்தஞ்சுல வைங்க, போதும்லா."

நாற்பத்தைந்து போதாது என்று எனக்குத் தெரியும். லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா எல்லாத் தண்ணீரிலும் கொஞ்சம் இருக்கும். வெதுவெதுப்பான, ஓடாத தண்ணீரில் பெருகும். குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஷவரிலிருந்து பொடிப்பொடியாகத் தெறிக்கும் ஈரத்தை மூச்சோடு இழுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால்தான் வெந்நீர் டேங்க்கை அறுபதுக்குக் குறையாமல் வைக்க வேண்டும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. சைகோனில் பச்சைத் தண்ணீரே முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கே குளிர்ந்த குழாயைக்கூட நம்ப முடியாது. இதெல்லாம் நான் கோர்ஸ் போய்ப் படித்தவை.

மேனேஜரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "பேப்பர்ல படிச்சதையெல்லாம் இங்க கொண்டு வராதீங்க" என்றார். நாற்பத்தைந்தில் வைத்தேன். மூடிய மாடியில் வாராவாரம் எல்லாக் குழாயையும் திறந்து ஓட விட வேண்டும். ஆரம்பத்தில் செய்தோம். ஆள் குறைந்ததும் ஒரு வாரம் தள்ளிப்போட்டோம், பிறகு இன்னொரு வாரம். அதன்பின் நானே கேட்பதை விட்டுவிட்டேன். மேனேஜர் கேட்டால் மட்டும், "ஏழு ஓகே சார்" என்பேன்.

மூன்றாம் நாள்

தேத் என்பது வியட்நாமியப் புத்தாண்டு. முதல் மூன்று நாள் வீட்டைக் கூட்ட மாட்டார்கள், குப்பையை வெளியே போட மாட்டார்கள், தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். வருகிற நன்மை அதோடு போய்விடும் என்று நம்பிக்கை. அந்த மூன்றாம் நாள் காலையில் மேனேஜர் போன் செய்தார்.

"பிரெஞ்சு குரூப் ஒண்ணு. எல்லாம் கெழடுங்க, பழைய சைகோனப் பாக்க வர்றாங்க. புக் பண்ண எடத்துல ஏதோ தகராறு, நமக்கு அடிச்சது யோகம். நாளைக்குக் காலையில வர்றாங்க. ஏழத் தொறங்க."

டியூட்டியில் இருந்த பையன்கள் யாரும் அசையவில்லை. நாளைக்கு வேண்டுமானால் நூறு குழாய் திறக்கிறோம், இன்றைக்குத் தண்ணீரை ஓடவிட மாட்டோம் என்றார்கள். சவரியும் அதையே சொன்னான்.

"நாளைக்கு விடியக்காலம் தொறந்துவிட்டர்றேன்ணே. எங்கம்மா இருந்தவரைக்கும் மூணு நாளு ஒரு சொம்புத் தண்ணிய வாசல்ல ஊத்த விட்டதில்ல."

"விடியக்காலம் குரூப்பே வந்துரும்டா. நீ பாதி காரைக்கால்காரன், ஒனக்கு எதுக்குடா தேத்து? ஒங்கப்பா ஊர்ல பொங்கலே முடிஞ்சு போச்சு."

"அப்ப மத்தப் பாதி?"

"அத வீட்டுல விட்டுட்டு வா."

சிரித்தான். சிரித்தால் சம்மதம் என்று எனக்குத் தெரியும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்.

பல மாதம் தேங்கிய குழாயைத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் டேங்க்கைச் சூடாக்கிக் காத்திருக்க வேண்டும். ஷவர் ஹெட்டைக் கழற்றிவிட வேண்டும், அல்லது அதைச் சுற்றி பிளாஸ்டிக் கவர் கட்டி, தண்ணீர் தெறிக்காமல் கீழே வடிய விட வேண்டும். திறப்பவர் மூக்கை இறுக்கமாக மூடும் நல்ல மாஸ்க் போட்டிருக்க வேண்டும். மாஸ்க் ஸ்டோரிலேயே இருந்தது. கொடுத்தால் ஏன் என்று கேட்பான். சொன்னால் அவன் கேண்டீனில் சொல்வான், சாயங்காலத்துக்குள் மேனேஜர் காதுக்குப் போகும், இத்தனை மாதம் ஏன் ஓட விடவில்லை என்ற கேள்வி என்னிடம் வரும். இதெல்லாம் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது. டேங்க்கின் செட்டிங்கை ஏற்றினேன். சூடு ஏறும்வரை காத்திருக்கவில்லை. அவனிடம் சொன்னது இவ்வளவுதான்:

"பாத்ரூம் கதவ நல்லாச் சாத்திக்க. கார்ப்பெட் நனைஞ்சா ஹவுஸ்கீப்பிங்காரங்க கத்துவாங்க."

அறை அறையாக, சாத்திய கதவுக்குள், அந்தத் தெறிப்புக்குள் அவனை நிற்க வைத்தேன். மதியம் சட்டை நனைந்து இறங்கி வந்தான்.

"மொதல்ல செம்மண்ணாட்டம் வந்துச்சுண்ணே, அப்பறம் தெளிஞ்சுது. ஒரு வாட வேற. மூஞ்சி பூரா அடிச்சிருச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டான். "ரெண்டு பாதியும் மன்னிக்கட்டும்."

எனக்குத் தெரிந்த முறை

லான் வந்து சொன்னது அதற்கு அடுத்த வாரம். பிரெஞ்சுக் குழு அப்போதும் ஏழாம் மாடியில்தான் இருந்தது. நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். பாய்லர் ரூமுக்குப் போனேன்.

மேனேஜரிடம் குழாய் மூட்டின் கேஸ்கெட் போய்விட்டது, ஏழாம் மாடிக்கு ஒருநாள் தண்ணீர் கிடையாது, கெஸ்ட்டுகளைக் கீழே குளிக்க அனுப்புங்கள் என்றேன்.

"நாலு காசு வர்ற நேரத்துலதான் உங்க கேஸ்கெட்டுக்குப் போவணுமாலா?"

டேங்க்கை எழுபதுக்கு ஏற்றினேன். குளோரின் போட்டேன். எல்லா ஷவரையும் நானே போய்த் திறந்தேன். ஒவ்வொன்றிலும் கவர் கட்டினேன். மாஸ்க் போட்டுக்கொண்டேன். கதவை விரியத் திறந்து வைத்தேன். எனக்கு என்று வந்தபோது ஒன்றுகூட மறக்கவில்லை.

மறுநாள் காலை உணவு நேரத்தில் பஃபே ஓரமாக நின்றேன். யார் இருமினாலும் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு கிழவி விடாமல் இருமினாள். பக்கத்தில் போய், உடம்பு சரியில்லையா மதாம் என்று கேட்டேன்.

"மிளகு!" என்று ஆம்லெட்டைக் காட்டினாள். "உங்கள் குக்கிடம் சொல்லுங்கள், நான் வறுக்கிற கோழி இல்லை, இவ்வளவு மிளகு தூவ வேண்டாம் என்று!"

மேஜையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குப் போய் மிளகைக் குறைக்கச் சொன்னேன்.

வராந்தா

அன்று மதியத்துக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சவரி ஆக்சிஜனில் இருந்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. "வால்வ மூடச் சொல்லுங்க, வால்வ மூடச் சொல்லுங்க" என்று தமிழிலேயே முனகிக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறான் என்று லான் கேட்டாள். புரியவில்லை என்றேன்.

"எனக்குப் புரியுது" என்றாள். "தேத்துல தண்ணியத் தொறந்து விட்டாரு. தொறக்க வச்சது நீங்க. அவங்கம்மா சொன்னது பலிச்சிருச்சு. வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?"

மூடநம்பிக்கை என்று அதை ஒதுக்கிவிடலாம். படித்தவன் என்ற முறையில் எனக்கு அது சுலபம். ஆனால் அவள் சொன்ன காரணம்தான் தவறு. செய்தவன் யார், என்ன செய்தான், என்றைக்குச் செய்தான், எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தாள்.

டாக்டர் இளம் பெண். "நிமோனியா. கொடுக்கிற மருந்து கேட்கவே இல்லை. இவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று என்னிடம் கேட்டாள்.

"பிளம்பர்."

"கெமிக்கல் ஏதாவது? கோழி, பறவை?"

"இல்லை."

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் ஹோட்டல் பெயர் கெடும், என் வேலை போகும், கெஸ்ட்டுகள் கேஸ் போடுவார்கள். மருந்து நாளைக்குக் கேட்கத் தொடங்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். சர்ச் சாமியாரைக் கூப்பிடுவதானால் இன்றே கூப்பிடுங்கள் என்று நர்ஸ் லானிடம் சொன்னது சாயங்காலம் என் காதில் விழுந்தது. அதன் பிறகுதான் எழுந்தேன்.

டாக்டரின் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். மூடிய மாடி, நாற்பத்தைந்து டிகிரி, சாத்திய கதவு. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காலையில் கேட்டேனே. இதற்கு மருந்தே வேறு."

"ஆமாம்."

"அப்போதே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

எரித்ரோமைசின் எழுதினாள். அவன் மனைவியிடம் தயவுசெய்து சொல்ல வேண்டாம் என்றேன். "அது என் வேலை இல்லை, உங்கள் வேலை" என்று சீட்டை நர்ஸிடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு

சவரி பிழைத்தான். குழுவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் ஊர் திரும்பி வெகுநாள் வரை ஒவ்வொரு போனையும் நானே ஓடிப்போய் எடுத்தேன். மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல? அப்ப வாய மூடிக்குங்க" என்றார். சவரி அவர் கணக்கில் வரவில்லை. டேங்க்கை மட்டும் அறுபதிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். வேலை மிஞ்சியது.

சவரிக்கு மூச்சு பழையபடி வரவில்லை. பைப்பைத் தூக்கிக்கொண்டு மாடியேற முடியாமல் ஸ்டோரில் உட்கார்ந்தான். தேத் வரும்போதெல்லாம், "நீங்க சொன்னத நான் கேட்டிருக்கக் கூடாதுண்ணே. அம்மா பேச்ச மீறினேன்ல" என்பான். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பல வருடம்.

ரிட்டயர் ஆகி இந்தியா திரும்புமுன் அவன் வீட்டுக்குப் போனேன். லான் எனக்குக் காபி வைத்தாள். சவரியிடம் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன், மாஸ்க் ஸ்டோரில் இருந்ததையும் சேர்த்து.

"அப்ப அம்மா கோச்சுக்கலையா?" என்றான்.

"இல்லடா. நான்தான்."

லான் என்னவென்று கேட்டாள். அவன் அவள் மொழியில் அவளுக்குச் சொன்னான், இடையிடையே மூச்சு வாங்கி. அவள் என் முன்னால் இருந்த காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் இருந்தவரை திரும்பி வரவில்லை.

"சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேனேண்ணே" என்றான் சவரி. "மூக்க நல்லாக் கட்டிக்கிட்டுப் போயிருப்பேன். அவ்வளவுதானே."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு டிகிரிக் கணக்கை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது வேறு. ஒருவனை வால்வைத் திறக்க அனுப்புவதற்கு முன், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கலாம் என்று அவனிடம் சொல்லுங்கள். உங்கள் தவறும் அதோடு சேர்ந்து வெளியே வரும் என்றால், அதையும் சேர்த்தே சொல்லுங்கள். மூச்சு அவனுடையது.