ஒழுங்கைப் பக்கத்துக் கதவு

எங்கள் அண்ணை சண்டிலிப்பாயில் பிறந்தார். இப்படியான நினைவு மலர்களில் பிறந்த ஊரின் வளத்தைப் பற்றி முதலில் ஒரு பந்தி எழுதுவது வழக்கம். எனக்கு அது வரவில்லை. அண்ணை மறைந்து முப்பத்தொரு நாள் ஆகப்போகிறது. இன்னும் ஒன்றும் உறைக்கவில்லை. பலர் முன்னால் நான் அழவில்லை என்று சிலர் கதைத்ததும் காதில் விழுந்தது. தனியேயும் அழவில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன், உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐயா புகையிலைத் தோட்டம் செய்தவர். அவர் காலமானபோது மூத்தவரான அண்ணைக்குப் பதினாறு வயது, கடைசியான எனக்கு நாலு. அண்ணை படிப்பை விட்டுவிட்டு யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கோப்பை கழுவப் போனார். அங்கேயே இடியப்பம் பிழியவும் தேங்காய்ப்பாலில் சொதி வைக்கவும் பழகினார். எங்கள் மூன்று பெண் சகோதரங்களையும் கரைசேர்த்தது அந்தக் கைதான். இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்த பிறகு, பண்டத்தரிப்புச் சந்திக்குக் கிட்டச் சொந்தமாகக் கடை போட்டார்.

எட்டு மேசை. காலையில் இடியப்பமும் பிட்டும், மத்தியானம் சோறும் ஐந்து கறியும். அண்ணையின் சொதியைக் கோப்பையில் வாங்கிக் குடிக்கவென்றே புத்தூரில் இருந்து மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருவார். மூன்றாம் தரம் கேட்டால், "குளிக்கவும் வேணுமெண்டால் சொல்லும், வாளியிலை தாறன்" என்பார் அண்ணை. சொல்லிக்கொண்டே ஊற்றுவார்.

கடைக்கு இரண்டு கதவு. ஒன்று தெருவைப் பார்த்தது. மற்றது பின்னால் போகும் ஒடுங்கிய ஒழுங்கைப் பக்கத்தால் நேரே சமையலறைக்குள் திறக்கும். உறவினர் யாராக இருந்தாலும் ஒழுங்கைக் கதவால்தான் வரவேண்டும் என்பது அண்ணையின் சட்டம். தெரியாமல் முன்னால் போய் இருந்தவர்களைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவார். அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் இருக்க ஒரு நீள மர வாங்கு. அதில் இருப்பவர்களிடம் காசு வாங்கமாட்டார். நீட்டினால், "உந்தக் காசை உள்ளுக்கை வை. சொந்தச் சனத்திட்டைக் காசு வாங்கவே நான் கடை வைச்சனான்?" என்பார். ஒரு சித்தப்பா இரண்டாம் தரமும் நீட்டினார். அவரோடு அண்ணை ஒரு மாதம் கதைக்கவில்லை. கனடாவில் இருந்து வந்த மாமா குடும்பம் பதினொரு பேராக வந்து, மூன்று நாள் சாப்பிட்டு, சட்டைகள் கொடுத்துவிட்டுப் போனார்கள். நெஞ்சில் பனிக்கரடிப் படம் போட்ட சட்டையுடன் அண்ணை சொதி காய்ச்சியது பலருக்கு நினைவிருக்கும்.

பிறகு நாட்டில் தட்டுப்பாடு வந்தது, அடுப்புக்குக் காஸ் இல்லை. மா விலை ஏறியது, தேங்காய் விலை ஏறியது. வேலைக்கு நின்ற இருவரும் போய்விட்டார்கள். அண்ணியின் தங்கக் காப்பு அடைவுகடைக்குப் போனது, திரும்பி வரவில்லை. கடையில் பாதியைத் தடுத்து, போன் திருத்துகிறவருக்கு வாடகைக்குக் கொடுத்தார். நாலு மேசைதான் மிஞ்சியது. வீட்டில் இதையெல்லாம் அவர் கதைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்போதுதான் நான் ஒரு வேலை செய்தேன். சின்னம்மாவின் மகளின் கல்யாணத்தில் எங்கள் சனம் எல்லோரும் கூடியிருந்தபோது, ஒவ்வொருவராகக் கேட்டேன். கிழமையில் ஒரு நாளாவது அண்ணையின் கடையில் சாப்பிடுங்கள், காசு கொடுத்துச் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் கடை நின்றுவிடும் என்றேன். எல்லோரும் ஓம் என்றார்கள். சொன்னபடி வந்தார்கள், எல்லோரும் ஒழுங்கைக் கதவால்.

காசை நீட்டினார்கள், அண்ணை தள்ளிவிட்டார். வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு வாழைக்குலை கொண்டுவந்தார்கள், முருங்கைக்காய் கொண்டுவந்தார்கள். அண்ணை அதையும் கறியாக்கி, கொண்டுவந்தவர்களையே அடுத்த நாளும் கூப்பிட்டார். ஒரு நாள் அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டு, "பின்னுக்கு இருபத்தாறு பேர், முன்னுக்கு நாலு பேர். நீங்களாவது சொல்லுங்கோ மச்சாள். என்ரை சொல்லுக் கேக்கிறாரில்லை" என்றார்.

சொன்னேன். "அண்ணை, காசை வாங்குங்கோ. அவையள் உங்களுக்கு உதவத்தானே வருகினம்."

அண்ணை தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "அவையள் என்னைப் பாக்க வருகினம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன். நீ ஏன் அதைக் கெடுக்கிறாய்?" என்றார். அவர்களைக் கேட்டு வரப்பண்ணியது நான்தான் என்று நான் சொல்லவில்லை.

அந்த நாலு மாதமும் அண்ணை மிகவும் சந்தோசமாக இருந்தார் என்று அண்ணி சொல்கிறார். இருந்தார், நானும் கண்டேன். கடை அந்த நாலு மாதத்தில்தான் முற்றாக இறங்கியது. இரண்டும் என் வேலைதான். எதை நினைத்து வருந்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலை இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். இரண்டாம் நாள் என்னிடம், "இண்டைக்குப் பின்னுக்கு ஆர் ஆர் வந்தவை?" என்று கேட்டார். கடை பூட்டியிருந்தது. நான் ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். சித்தப்பா பெயர், சின்னம்மா பெயர், எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். பின்னேரம் போய்விட்டார்.

செய்தி கேட்டு ஓடிவந்து பந்தல் போட்டவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும், பாடை தூக்கியவர்களுக்கும், வெளிநாடுகளில் இருந்து அழைத்துக் கதைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எனக்குத் தனியாக ஒரு நன்றி இருக்கிறது. நான் கேட்டதற்காக வந்தவர்களில் ஒருவர்கூட அதை அண்ணையிடம் சொல்லவில்லை. உங்களைப் பார்க்க வந்தோம் என்றே எல்லோரும் சொன்னீர்கள். அவர் அதை நம்பிக்கொண்டே போனார்.

வருகிற திங்கட்கிழமை அண்ணி கடையைத் திறக்கிறார். அவருக்கு வேறு வழி இல்லை. ஒழுங்கைக் கதவுக்கு ஆணி அடித்தாயிற்று, அடித்தது நான். நேற்றுக் காலை கடையைக் கழுவிவிட்டு, அண்ணி அடுப்பை மூட்டிப் பார்த்தார். நான் தெருப்பக்கத்தால் வந்து மேசையில் இருந்தேன். ஐந்து இடியப்பமும் சொதியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டு முடித்துக் காசை நீட்டினேன். அண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்ன மச்சாள் இது" என்றார். நான் காசை மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

நீங்கள் வரும்போதும் அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். மேசையில் வைத்துவிட்டு எழும்புங்கள்.

தங்கை