நம்மாளு பூச்சி

கொளஞ்சியம்மாளின் கை வேகத்துக்குச் சங்கராபுரம் வட்டாரத்தில் ஈடு கிடையாது. களை எடுக்க இறங்கினால், மற்ற பெண்கள் பாதி வரிசையைத் தாண்டுவதற்குள் அவள் மறுகோடியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள். "ஒரு நாளைக்காவது மெதுவா செய்யேன்டி, எங்க மானம் போவுது" என்று கூட வேலை செய்யும் செவ்வந்தி கெஞ்சாத நாளில்லை. நாற்பத்தாறு வயது வரை அந்தக் கை அடுத்தவர் நிலத்தில்தான் ஓடியது.

போன தை மாதம் நிலத்துக்காரர் வெங்கடேசன் தம் மரவள்ளிக் கொல்லையில் அரை ஏக்கரை அவளிடம் வாரத்துக்கு விட்டார். விளைச்சலில் அவருக்குப் பாதி, இவளுக்குப் பாதி. "ஒரு வெள்ளாமை பாக்கறேன் கொளஞ்சி. தேறுச்சின்னா தொடர்ந்து நீயே செஞ்சிக்கோ. தேறலைன்னா பக்கத்துக் கொல்ல தங்கமணிக்கு வுட்டுடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அன்று முதல் கொளஞ்சியம்மாள் வெறுமனே 'கொல்லைக்குப் போறேன்' என்று சொன்னதே இல்லை. 'எங்க கொல்லைக்குப் போறேன்' என்பாள். அந்த 'எங்க'வை மட்டும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள்.

சித்திரை வெயில் ஏற ஏற, வந்து சேர்ந்தது மாவுப்பூச்சி. செடிகளின் உச்சிக் குருத்து சுருண்டு முட்டைக்கோசாக மூடிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கோலமாவைக் கொட்டியது போல வெள்ளை வெள்ளையாகப் பூச்சி. சாற்றை உறிஞ்சிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தன.

குனிந்து உற்றுப் பார்த்தாள். பொடிசுகளுக்கு நடுவே, உடம்பெல்லாம் பஞ்சுத் திரி தொங்க, இரண்டு மூன்று மட்டும் பெரிதாக இருந்தன. நன்றாக ஓடவும் செய்தன. அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டாள்.

"யோவ், இங்க வந்து பாரு. இந்தப் பெருசுதான் தாயி. பொடிசுங்கள எண்ணிக்கினு கெடந்தா மாளாது. தாயக் கொன்னுட்டா மத்தது தானா அழிஞ்சிபூடும்."

புருஷன் மாயவன் தலையைச் சொறிந்தான். "நெசமாவா?"

"நான் சொல்றேன் இல்ல?"

அவள் சொன்னால் சொன்னதுதான். சோப்புத் தண்ணீர் நிறைந்த குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கு நாள் வரிசை வரிசையாகப் பெரிசுகளைப் பொறுக்கினாள். அந்தக் கைக்குத் தப்பியது ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் நாள் தங்கச்சி மகள் காதுகுத்துக்குத் திருநாவலூர் போக வேண்டியிருந்ததால், மோட்டார் கொட்டாய் ஓரத்து நான்கு வரிசை மட்டும் நின்றுபோனது. திரும்பி வந்ததும் செவ்வந்தி வீட்டு வேலை, அடுத்தது நடவு என்று அது அப்படியே விட்டுப்போயிற்று.

மூன்று வாரம் கழித்துக் கொல்லைக்குள் நுழைந்தவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய வரிசைகளில் பூச்சி முன்னைவிட இரண்டு மடங்கு! கைவைக்காத நான்கு வரிசையோ, புதுத் துளிர் விட்டுப் பச்சைப்பசேல் என்று நின்றது. என்ன அநியாயம் இது! பாடுபட்ட இடம் பாழ், எட்டிப் பார்க்காத இடம் செழிப்பு என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? அழுகையும் வந்தது. தங்கமணியின் முகம் வேறு கண்முன் வந்து சிரித்தது.

முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு அந்த நல்ல வரிசையில் போய்க் குந்தினாள். வெயில் உச்சிக்கு வரும்வரை ஒரே குருத்தைப் பார்த்தாள். வாழ்நாளில் அந்தக் கை அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

அதில் மிச்சமிருந்த பொடிசுகளின் பின்பக்கம் பாகு போல ஏதோ கசிந்தது. எறும்புகள் அதை நக்கின. நக்கிய விசுவாசத்துக்குக் காவலும் காத்தன. ஒரு சின்ன வண்டு வந்து உட்கார்ந்ததும் நான்கு எறும்பு சேர்ந்து அதைத் துரத்தின. அப்போது அந்தப் பஞ்சுத் திரிப் பெரிசு ஆடி அசைந்து வந்தது. எறும்புகள் மோந்து பார்த்துவிட்டு, நம்ம வீட்டுப் பூச்சிதான் என்று வழிவிட்டன. உள்ளே போன பெரிசு ஒரு பொடிசை வாயில் கவ்வி உறிஞ்சியது. சக்கையைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பிடித்தது.

"அடிப்பாவி!" என்று கொளஞ்சியம்மாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அது தாயே இல்லை. மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டின் புழு. எறும்பு துரத்தியதே, அந்த வண்டின் பிள்ளைதான். இரையைப் போலவே வெள்ளை உடுத்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து விருந்து சாப்பிடுகிற ஆசாமி. விஷயம் கேட்ட மாயவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"போலீஸ்காரன எல்லாம் புடிச்சித் தண்ணியில அமுக்கிட்டு, திருடன ஊட்டி வளத்துக்கினு இருந்திருக்கே!"

"சிரிக்காதய்யா. காவலுக்கு நிக்கற எறும்பே ஏமாந்துபூடுது. நான் ஏமாந்தா இன்னா?"

மறுநாளே சோற்று டப்பாவை எடுத்தாள். நல்ல வரிசையிலிருந்து அந்தப் புழுக்களை இலையோடு பறித்து, கெட்ட வரிசைகளில் குருத்துக்கு ஒன்றாக விட்டாள். வரப்பில் போன செவ்வந்தி நின்றுவிட்டாள். "இன்னாடி இது, அன்னிக்குப் பொறுக்கினே, இன்னிக்கு வுட்டுக்கினு இருக்கே? மூளை கீளை கழண்டுபூடுச்சா?"

"கம்முனு போடி. ஆளு எறக்கிக்கினு இருக்கேன்."

வண்டைத் துரத்தும் எறும்புகளை ஒழிக்க, மாயவன் அவற்றின் புற்றுகளைக் கொத்திவிட்டுப் பாசனத் தண்ணீரைத் திருப்பினான். ஆனி பிறந்தபோது சுருண்ட குருத்துகள் அவிழத் தொடங்கின. அங்கங்கே மிச்சமிருந்த மாவுப்பூச்சியைத் தேய்த்து ஒழிக்கப் போன மாயவனைத் தடுத்துவிட்டாள். "கொஞ்சம் கெடக்கட்டும்யா. ஒண்ணுகூட இல்லன்னா நம்மாளு சோத்துக்கு எங்க போவான்? பசிச்சா வேற கொல்லைக்குத்தான் போவான்."

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் வெங்கடேசன் வந்து நின்றார். வரிசை வரிசையாகப் பார்த்தார். கொளஞ்சியம்மாளும் மாயவனும் பின்னாலேயே நடந்தார்கள். மோட்டார் கொட்டாய் அருகே அவர் நின்றார். ஒரு குருத்தில் பஞ்சுத் திரியோடு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"பூச்சி இன்னும் போவல போலிருக்கே" என்று நசுக்க விரலை நீட்டினார்.

பளார்!

அந்தக் கை வேகம்தான் தெரியுமே. அவள் யோசிப்பதற்குள் நிலத்துக்காரரின் மணிக்கட்டில் அடி விழுந்துவிட்டது. மாயவன் அப்படியே வாயைப் பிளந்தான். இருபது வருஷமாக அவர் முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாதவள் அவள்.

"ஐயோ, மன்னிச்சிக்கோங்க! அது... அது நம்மாளுங்க!" என்றாள். அதே மூச்சில் முழுக் கதையையும் சொல்லி முடித்தாள். தான் பண்ணிய கூத்தையும் மறைக்கவில்லை.

வெங்கடேசன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே குருத்துக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அடுத்த வெள்ளாமையும் நீயே பாரு. தங்கமணிகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

போகும்போது, ஒரு செடியையும் தொடாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.